முன்பாரமும் பின்பாரமும்: நுகத்தடி முதல் பிக்கப் கொக்கி வரை

மாட்டு வண்டி ஓடிய காலத்து ஆட்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை வண்டியின் முன்பக்கம் அதிகமாக அடுக்கிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்பக்கம் அதிகமாகிவிட்டால் ஏர்க்கால் மேலே தூக்கும், நுகத்தடியும் அதோடு எழும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். பாரம் ஏற்றி முடித்ததும் வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் மாட்டைப் பூட்டுவார். ஏற்றம் வந்தால் அவரே முன்னால் நகர்ந்து உட்காருவார். இறக்கத்தில் பின்னால் நகருவார். அவருடைய உடம்புதான் தராசுப் படிக்கல்.

அந்த வண்டிகள் போய்விட்டன. இன்று தேவிபட்டினம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது நேரம் நின்றால் தண்ணீர் டேங்கை இழுக்கும் டிராக்டர், ஐஸ் பெட்டி ஏற்றிய பிக்கப், மீன் கூடைகளோடு குட்டியானை என்று வரிசையாகப் பார்க்கலாம். இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழம் இரும்பை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் தெருத் தம்பி ஒருவர், கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை, தன் பிக்கப்பில் கொக்கி வைத்து ஃபைபர் படகை டிரெய்லரில் இழுத்துப் போக ஆசைப்பட்டார். “சார், பட்டறையில ஒரு கொக்கிய வெல்டிங் அடிச்சிட்டா போதாதா?” என்று கேட்டார். அவருக்கு வாயால் சொன்னதையும், அதற்குப் பின்னால் இருக்கிற சரித்திரத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சரித்திரம் தெரிந்தால் விதிகள் தானாகப் புரியும்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் ‘அத்தலாஜ்’ என்று ஒரு சொல் உண்டு. மாட்டையும் குதிரையையும் வண்டியில் பூட்டுவதற்கு அதுதான் பெயர். ரயில் பெட்டிகளை இணைக்கும் கொக்கிக்கும், காரின் பின்னால் டிரெய்லர் மாட்டும் அமைப்புக்கும் அதே பெயர்தான். மூன்றும் ஒரே வேலை என்று அந்த மொழி நினைக்கிறது. நம் ‘பூட்டுதல்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம்.

பூட்டும் முறைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது என்று பெரிய நூலே எழுதியவர், பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரியாக இருந்த லெஃபெவ்ர் தெ நொயெத். 1931-ல் வந்த நூல் அது. பழங்காலத்துக் குதிரைகளுக்குத் தொண்டையில் வார் கட்டினார்கள், பாரம் கூடக்கூட அது மூச்சை அடைத்தது, அதனால் பழைய நாகரிகங்களால் அதிக பாரத்தைத் தரைவழியே இழுக்க முடியவில்லை என்பது அவர் வாதம். பிறகு 1970களில் ழான் ஸ்ப்ரூய்த் என்ற பிரெஞ்சுக்காரர், பழைய சேணங்களைத் திரும்பச் செய்து, உயிருள்ள குதிரைகளில் பூட்டி ஓட்டிப் பார்த்து, அந்த வாதம் சரியில்லை என்று காட்டினார். வாதத்தில் யார் ஜெயித்தாலும், கேட்ட கேள்வி நல்ல கேள்வி: இழுக்கிற சக்தி எவ்வளவு இருந்தாலும், பூட்டுகிற இடம் தப்பாக இருந்தால் என்ன பயன்? நம் நாட்டில் இதே கேள்வியை மாட்டுக்காகக் கேட்டவர் என்.எஸ். ராமசுவாமி. பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர். பெரிய நிர்வாகப் படிப்பு நிலையத்தின் தலைவர், மாட்டு வண்டியையும் நுகத்தடியையும் ஆராய்ந்து, மாட்டின் கழுத்துப் புண்ணைப் பற்றி நாடு முழுக்கப் பேசினார்.

மாட்டை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தபோதும் கணக்கு மாறவில்லை. 1894 ஜூலை 22 அன்று பாரிஸிலிருந்து ரூவான் வரை 126 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பத்திரிகை மோட்டார் வண்டிப் போட்டி நடத்தியது. முதலில் வந்து சேர்ந்தது கோம்த் தெ தியோன் என்ற பிரபுவின் நீராவி இயந்திரம். அது தனியாக ஓடவில்லை. குதிரை வண்டி ஒன்றைப் பின்னால் பூட்டி இழுத்து வந்தது. கரி அள்ளிப் போட இன்னொரு ஆள் வேண்டியிருந்ததால் முதல் பரிசை அதற்குத் தரவில்லை. பானார்-லெவாஸோர், பெழோ ஆகிய இரண்டு கம்பெனிகளுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆனால் மோட்டார் போட்டிகளின் தொடக்கத்திலேயே முதலில் வந்தது டிரெய்லர் இழுத்த வண்டி என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ரயிலில் இந்தக் கொக்கி ஏராளமான பேரின் விரல்களையும் உயிர்களையும் வாங்கியது. அமெரிக்காவில் அப்போது இரண்டு பெட்டிகளை ஒரு வளையமும் ஒரு பின்னும் போட்டு இணைப்பார்கள். பெட்டிகள் நகர்ந்து நெருங்கும்போது தொழிலாளி நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்து வழிகாட்டி, பின்னை இறக்க வேண்டும். கை எடுக்கத் தாமதமானால் விரல் போகும். ஆள் நசுங்கியதும் உண்டு. இதற்கு வழி கண்டவர் ஈலை ஜானி. ஜவுளிக் கடைக் குமாஸ்தாவாக இருந்தவர். இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள். அதுதான் அவருடைய யோசனை. மோதியதும் தானே கோத்துக்கொள்ளும் இரும்புக் கை. 1873-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் கண்டுபிடிப்பு வந்ததாலேயே கம்பெனிகள் செலவழிக்கவில்லை. 1893-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்ட பிறகுதான், 1900-க்குள் எல்லாப் பெட்டிகளுக்கும் தானியங்கி இணைப்பு வந்தது. நடுவில் 20 ஆண்டுகள். இன்று ராமேஸ்வரம் வரும் எல்.எச்.பி. பெட்டிகளில் இருப்பதும் அந்த வம்சத்து இணைப்புதான்.

நமக்கு மறக்காத ஆண்டு 1914. அந்த ஆண்டு பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதே 1914-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு மர வியாபாரி, ஃபிரெட்ரிக் சிப்லி என்பவர், தன் படகை ஏரிக்கரை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்று ஒரு கொல்லரிடம் போனார். கொல்லர் பெயர் ஆகஸ்ட் ஃபுருஹாஃப். அவர் சிப்லியின் ஃபோர்டு காருக்குப் பின்னால் பூட்டும்படி இரண்டு சக்கர வண்டி ஒன்று செய்தார். படகின் பாரத்தில் ஒரு பங்கு காரின் மேலேயே உட்காரும்படி அமைத்தார். அதற்கு ‘செமி டிரெய்லர்’ என்று பெயர் வைத்தார். படகு நன்றாகப் போய்ச் சேர்ந்ததும், மரம் ஏற்றவும் அதே போல வண்டி கேட்டார் சிப்லி. 1918-ல் ஃபுருஹாஃப் கம்பெனியே தொடங்கிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் முன்னோர்களில் ஒன்று படகு இழுத்த வண்டி! கடற்கரைக்காரர்களான நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்து டிராக்டர். முதல் உலகப் போர்க் காலத்து டிராக்டர்களில் ஓர் ஆபத்து இருந்தது. பின்னால் கட்டிய கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் கலப்பை நிற்கும், எஞ்சின் நிற்காது. பின்சக்கரத்தைச் சுற்றி டிராக்டரே முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேல் மல்லாந்து விழும். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதற்கு மருந்து தேடினார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என்று மூன்று இடங்களில் கலப்பையைப் பிடித்தார். கலப்பை மாட்டினால் மேல் கை முன்னோக்கித் தள்ளும், டிராக்டரின் மூக்கு தரையோடு அழுந்தும். 1938-ல் அவரும் ஹென்றி ஃபோர்டும் பத்திரம் எழுதாமல், கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். மறு ஆண்டே டிராக்டர் வெளிவந்தது. பிறகு உறவு முறிந்து, வழக்கு 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் எங்கே போய் முடியும் என்பது ஃபைல் பார்த்த எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபெர்குசன் டிரெய்லரும் செய்தார். அதன் அச்சை நடுவில் வைக்காமல் பின்னால் தள்ளி வைத்தார். அதனால் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் பின்சக்கரத்தில் அழுந்தி, சேற்றிலும் சக்கரம் வழுக்காமல் பிடித்தது. நம் வண்டிக்காரர் சொன்ன முன்பாரம்தான் இது. அவர் பெயரைத் தாங்கிய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை, 1960-ல் தொடங்கிய சென்னை ‘டாஃபே’ கம்பெனி செய்ய ஆரம்பித்தது. நம் மாவட்டத்து வயல்களிலும் உப்பளச் சாலைகளிலும் மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தது. ஏர்க்காலின் இடத்தை டிராபாரும், முளைக்குச்சியின் இடத்தை இரும்புப் பின்னும் பிடித்தன.

ஜீப்பையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப்புக்குப் பின்னால் கால் டன் டிரெய்லர் ஒன்று பூட்டினார்கள். தண்ணீரில் இறங்கினால் மிதக்கும்படி அதன் தொட்டி செய்யப்பட்டிருந்தது. ஜீப்பின் பின்னால் வாய் திறந்து மூடும் கொக்கி, டிரெய்லரின் முன்னால் இரும்பு வளையம். மேடு பள்ளத்தில் எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் தார் ரோட்டில் கடகடவென்று சத்தம் போடும். 1947 முதல் பம்பாயில் மஹிந்திரா இந்த ஜீப்புகளைக் கோத்து விற்றது. பழைய அரசு ஜீப்புகளின் பின்பக்கம் அந்தக் கொக்கியைப் பார்த்த நினைவு உங்களில் பலருக்கு இருக்கும். அந்தச் சத்தம் வேண்டாம் என்றவர்களுக்கு வந்ததுதான் பந்துக் கொக்கி. வண்டியில் ஓர் இரும்புப் பந்து, டிரெய்லரில் அதன் மேல் கவிழும் கிண்ணம், கீழே ஒரு பூட்டு. நம் இடுப்பு மூட்டு மாதிரி.

இனி தம்பியின் பிக்கப்புக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் கையேடு. எத்தனை கிலோ டிரெய்லர் இழுக்கலாம் என்று அதில் இருக்கிறதா? பிக்கப் ஒன்றரை டன் சுமக்கும் என்பதால் ஒன்றரை டன் இழுக்கும் என்று அர்த்தமில்லை. சுமப்பது வேறு, இழுப்பது வேறு, இழுத்ததை நிறுத்துவது இன்னும் வேறு. கையேட்டில் ஒன்றும் இல்லையென்றால் கம்பெனியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பந்தின் அளவு. ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம், இரண்டு அங்குலம், இன்னும் பெரியதும் உண்டு. இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 50-க்குச் செய்த கிண்ணத்தில் 50.8 பந்து சரியாக உட்காராது, பூட்டு முழுதாக விழாது. ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலப் பந்தில் இரண்டு அங்குலக் கிண்ணத்தைப் போட்டால் நன்றாக விழுந்த மாதிரி இருக்கும், முதல் வேகத்தடையில் துள்ளிக் கழன்றுவிடும். பந்தின் மேலும் கிண்ணத்தின் மேலும் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, பொருத்தும் இடம். பம்பரில் பொருத்தக் கூடாது. பம்பர் அடி வாங்குவதற்கு இருக்கிறது, இழுப்பதற்கு இல்லை. சேசிஸின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் பிடிக்கிற பிராக்கெட் வேண்டும். சேசிஸில் வெல்டிங் அடித்தால் அந்தச் சூட்டில் இரும்பின் குணம் மாறி, அந்த இடத்திலேயே பின்னால் விரிசல் விடலாம். கம்பெனி விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போடுவதே நல்லது. போல்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்கும். எண் இல்லாத போல்ட் கதவுக் கீலுக்கு ஆகும், இதற்கு ஆகாது. டார்க் ரெஞ்சில், சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். கொக்கியின் உயரம், டிரெய்லர் தரைக்குச் சமமாக நிற்கும்படி இருக்க வேண்டும்.

நான்காவதுதான் நம் பழைய பாடம். டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வழக்கப்படி அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுந்த வேண்டும். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. 10 சதவீதம் என்றால் 60 கிலோ, ஓர் ஆள் கனம். பின்அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் கொக்கி இருக்கிறது, முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் மூன்று மீட்டர் என்றால், அந்த 60 கிலோ பின்சக்கரத்தில் 80 கிலோவாக இறங்கும், முன்சக்கரத்திலிருந்து 20 கிலோவைத் தூக்கிவிடும். அதனால் முன்பாரமும் அளவோடு வேண்டும். ஸ்டீயரிங் லேசானால் வண்டி சொன்னபடி கேட்காது.

பின்பாரமோ இதைவிட மோசம். மாட்டு வண்டியில் மாட்டின் தொண்டை இறுகியது. இங்கே வேகம் கூடியதும் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் வளர்ந்து வளர்ந்து பிக்கப்பையே பிடித்து ஆட்டும். படகில் இது தானாகவே வந்து சேரும். காரணம், எஞ்சின் பின்பக்கம் தொங்குகிறது. எஞ்சினைக் கழற்றி பிக்கப்பில் ஏற்றலாம், படகின் அணியத்தை முன்னால் நகர்த்தலாம், அல்லது டிரெய்லரின் அச்சைப் பின்னால் தள்ளலாம். சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, அதன் மூக்கை மீன் எடை போடும் தராசில் வையுங்கள். எண் தெரிந்துவிடும். பழைய வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தது இதைத்தான்.

ஐந்தாவது, சங்கிலி. புறநானூற்றில் 102-ஆம் பாட்டில், உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் சொல்கிறார். ஒன்று ஒடிந்தால் இன்னொன்று. கொக்கிக்கு மாற்று அச்சு சங்கிலிதான். இரண்டு சங்கிலிகள், கொக்கிக்கு அடியில் பெருக்கல் குறி போல மாறி மாறி. கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும், ரோட்டில் குத்தாது. பின்னுக்கு நழுவாத கிளிப் வேண்டும். கம்பியை வளைத்துச் செருகுவது போதாது. அச்சாணி சிறியது என்று இகழாதே என்று வள்ளுவர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நம் கடற்கரைக்கென்று இன்னும் ஒன்று. ஓடி வந்த சூட்டோடு டிரெய்லர் சக்கரத்தைக் கடல் நீரில் இறக்கினால், சக்கரக் குடம் சட்டென்று குளிர்ந்து உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பேரிங் துருப்பிடித்து ஒரு நாள் ரோட்டில் இறுகிவிடும். சற்று ஆறவிட்டு இறக்கி, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் வைக்க வேண்டும். பின்னும் உப்புக் காற்றில் தேயும். மெலிந்துவிட்டதென்றால் மாற்றிவிட வேண்டும். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் டிரெய்லரின் பின்னால் எரிய வேண்டும். முன்னால் போகும் பிக்கப்பின் விளக்கைப் படகு மறைத்துவிடுமே.

கடைசியாகச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. எஞ்சின் இல்லாவிட்டாலும் அது மோட்டார் வாகனம்தான். ஆகவே அதற்குப் பதிவு வேண்டும், இன்சூரன்ஸும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. கொக்கி வைக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தம்பியிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கினார். ஜவுளிக் கடைக் குமாஸ்தா கண்டுபிடித்ததைச் சட்டம் கட்டாயமாக்க 20 ஆண்டுகள் ஆனதையும், அதுவரை போன விரல்களையும் சொன்னேன். பட்டறை வெல்டிங் யோசனையை அவர் விட்டுவிட்டார்.

டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவதையும் நிறுத்த வேண்டும். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில், கான்பூர் பக்கம், கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் பக்கத்துத் திருவிழாக்களிலும் டிரெய்லர் நிறைய ஆட்களை ஏற்றிப் போவதைப் பார்க்கிறோம்.

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் நவபாஷாணத்துக்குப் போகிற வழியெல்லாம் ஜனம். வயதானவர்கள் ரோட்டின் ஓரத்தை விட்டு நடுவிலேயே நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கழன்று ஓடும் டிரெய்லருக்கு பிரேக்கும் இல்லை, ஹாரனும் இல்லை, ஓட்டுகிறவரும் இல்லை. பின்னால் எதையாவது பூட்டிக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், புறப்படும் முன் ஒரு நிமிடம் இறங்கி, பந்தையும் பின்னையும் சங்கிலியையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.